பொதுச் சுகாதார நிர்வாகம்: அரசுப் பணியா, ஒப்பந்தப் பணியா, தனியார் மருத்துவமனையா?

எம்.பி.பி.எஸ். முடித்தவரா இல்லையா என்பதிலேயே இந்தத் துறையில் பாதி முடிவு ஆகிவிடுகிறது. மீதிப் பாதியைப் பலர் சம்பளத்தை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு யார் ஃபோன் செய்வார்கள், அடுத்த ஏப்ரலில் வேலை இருக்குமா என்ற இரண்டு கேள்விகளை வைத்துத் தீர்மானிப்பதே சரி.

முதலில் அரசின் நிரந்தரப் பணி. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் தனிப் பணிப்பிரிவும் தமிழ்நாட்டில் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வில் உதவி மருத்துவராகச் சேர்பவருக்கு அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையம், பிறகு வட்டார மருத்துவ அலுவலர், அதற்கு மேல் மாவட்ட சுகாதார அலுவலர், மாநகர் நல அலுவலர் என்று ஏணி தெளிவாக இருக்கிறது. மேல்படிகளுக்குப் பொதுச் சுகாதாரப் பட்டயமோ சமூக மருத்துவத்தில் எம்.டி.யோ வேண்டும். நிர்வாகத்துக்கு வர ஆசைப்படுபவர் மேற்படிப்பில் எலும்பு மருத்துவமோ குழந்தை மருத்துவமோ எடுத்தால் இந்த ஏணியிலிருந்து இறங்கிவிடுகிறார்.

இங்கே வேலையின் சுமையைப் பருவம்தான் தீர்மானிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெங்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, பறக்கும் கொசுவாக மாற 7 முதல் 10 நாள் போதும் என்பதால், ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் வாரம் ஒருமுறை பார்த்தாக வேண்டும். ஒரு சுற்று விடுபட்டால் அடுத்த தலைமுறைக் கொசு வெளியே வந்துவிடும். 100 வீடுகளில் எத்தனையில் புழு என்ற எண் ஏறிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள்தான். திருவண்ணாமலை தீபம் போன்ற திருவிழாக்களின் முகாம் பணி தனி. இவற்றையெல்லாம் விட மனதை அழுத்துவது மகப்பேறு மரணத் தணிக்கை. ஒரு தாய் இறந்தால், கர்ப்பம் பதிவான நாளிலிருந்து ரத்த அழுத்தம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு, 108 எத்தனை மணிக்கு வந்தது என்று நிமிடக் கணக்கில் பதில் சொல்ல வேண்டும். தாய் இறப்பு விகிதம் இங்கே குறைந்ததில் இந்தக் கண்டிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பொறுப்பை மனதார ஏற்பவர்களே இந்தப் பணிக்கு வரவேண்டும்.

எம்.பி.ஹெச். (பொதுச் சுகாதார முதுகலை), எம்.ஹெச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுகலை) படித்த, மருத்துவர் அல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் திறந்திருப்பது தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தப் பணி. மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் அறிவிப்புகளில் ‘11 மாதங்கள், முற்றிலும் தற்காலிகம்’ என்றே இருக்கும். நிரந்தரம் கோர மாட்டேன் என்று எழுதியும் கொடுக்க வேண்டும். ‘பத்து வருஷம் இருந்தால் பெர்மனென்ட் ஆகிவிடும்’ என்று நம்பிக் காத்திருப்பது ஆபத்து. நீண்ட காலம் வேலை பார்த்ததாலேயே நிரந்தரம் உரிமையாகிவிடாது என்று உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. சம்பளம் தொகுப்பூதியம், அதற்கான பணம் ஆண்டுத் திட்டத்துக்குக் கிடைக்கும் ஒப்புதலைப் பொறுத்தது. சாதாரண மாதங்களில் மாலை ஆறரைக்கு வீடு திரும்பலாம். ஆட்சியரின் மாதாந்தர ஆய்வுக் கூட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளும், செலவான நிதிக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பும் மார்ச் மாதமும் மட்டும் கழுத்தை நெரிக்கும்.

ஒப்பந்தப் பணிகளில் மாவட்டத் தர ஆலோசகர் பதவியைக் கவனியுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு என்.க்யூ.ஏ.எஸ். என்னும் தேசியத் தரச் சான்று வாங்கித் தருவது இந்த வேலை. தேற 70 சதவீத மதிப்பெண் வேண்டும். பிரசவ அறை, தொற்றுத் தடுப்பு, பதிவேடு என்று துறை துறையாகச் சோதித்துக் குறைகளைச் சரிசெய்து பழகியவரை, மருத்துவமனைகளுக்கான தேசியத் தர வாரியமான என்.ஏ.பி.ஹெச்.சின் அங்கீகாரம் தேடும் தனியார் மருத்துவமனைகள் விரும்பி எடுக்கும். ஒப்பந்தம் முடிந்தாலும் கையில் இருக்கும் திறமை போகாது. அறிக்கைகளைத் தொகுத்து அனுப்பியதைத் தவிர வேறு அனுபவம் இல்லாதவருக்கு இந்த வசதி இல்லை.

தனியார் மருத்துவமனையில் பதவி உயர்வு வேகம். பணிப் பாதுகாப்பு நிர்வாகத்தின் மனநிலையைப் பொறுத்தது. அழுத்தம் அதிகம் உள்ள இடம் காப்பீட்டுப் பிரிவு. கேஷ்லெஸ் முன் அனுமதியை ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்திலும் காப்பீட்டு நிறுவனம் தரவேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 விதி. டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவர் கையெழுத்து தாமதமானால் காப்பீட்டு மேசையில் இருப்பவர்தான் உறவினரின் கோபத்தை வாங்குகிறார். வீட்டு வாழ்க்கை முக்கியம் என்பவர் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நுழைவது நல்லது. அங்கே நெருக்கடி, அங்கீகார ஆய்வுக்கு முந்தைய மாதங்களோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் இதையும் ஒப்பிட வேண்டும். நிரந்தர அரசு ஊழியருக்கு 12 மாத மகப்பேறு விடுப்பு. தனியாரில் சட்டப்படி 26 வாரம். ஒப்பந்தப் பணியில், விடுப்பின் நடுவில் ஒப்பந்தம் முடிந்தாலும் பேறுகாலப் பயன் முழுமையாகத் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. விடுப்புக் கடிதத்திலேயே அதைக் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள்.

மருத்துவர் என்றால் நிரந்தரப் பணியும் பொதுச் சுகாதாரப் பட்டயமும் என் முதல் பரிந்துரை. மருத்துவர் அல்லாதவர் ஒப்பந்தத்தில் இரண்டு மூன்று ஆண்டு தங்கி, தர ஆய்வையோ தரவுப் பகுப்பாய்வையோ ஆழமாகக் கற்றுக்கொண்டு நகரலாம். கையெழுத்திடும் முன், அதே பதவியில் முன்பு இருந்தவர் ஏன் போனார் என்பதையும், போன வருடம் சம்பளம் எத்தனை மாதம் தாமதமானது என்பதையும் அங்கே வேலை பார்ப்பவரிடமே கேட்டுவிடுங்கள்.