பர்மியம் தானாக வாயில் வருமா: ஆறு மாதம் கேட்ட ஒலிப்பாடம்

ரங்கூனுக்கு வேலைக்கு வந்த புதிதில் கைப்பேசியில் ஒரு பர்மிய ஒலிப்பாடச் செயலியை இறக்கினேன், ஆறு மாதமாகத் தினம் அரைமணி நேரம் கேட்கிறேன். இலக்கணம் கிடையாது, எழுத்தும் கிடையாது, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் இரண்டு மாதம் காசு தண்டம் என்றே நினைத்தேன்.

அப்புறம் ஒருநாள் அனவ்ரத்தா சாலைக் காளி கோயில் பக்கத்து டீக்கடையில், யோசிக்கும் முன்பே "லபெயே தக்வெ பேபா" என்று வந்துவிட்டது, ஒரு டீ கொடுங்கள் என்று அர்த்தம். நமக்கு ஒரு சௌகரியம், பர்மியத்திலும் தமிழ் மாதிரி வினைச்சொல் கடைசியில்தான் வரும், மனதுக்குள் வாக்கியத்தைப் புரட்டிப் போட வேண்டியதில்லை. தொனிதான் பாடாய்ப் படுத்தும். 'ஙா' என்று தாழ்த்திச் சொன்னால் 'நான்', உயர்த்தி இழுத்தால் 'மீன்', 'ஐந்து' என்பதும் அதேதான்.

பெரிய குறை, பாடம் முழுக்க ஆண்குரல். மரியாதைக்கு ஆண்கள் 'கம்யா' சேர்ப்பார்கள், பெண்கள் 'ஷின்'. இது தெரியாமல் நானும் எல்லாரிடமும் கம்யா போட்டேன். கடைப் பையன் கிளாஸை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடினான், பக்கத்து மேசைத் தமிழ்ப் பாட்டி, "ஏம்மா, நீ என்ன ஆம்பளையா?" என்றார்.

ஆண்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். பெண்கள் முதல் நாளே 'ஷின்' என்று மாற்றிச் சொல்லிப் பழகுங்கள், எனக்கு இன்னமும் அவசரத்தில் கம்யாதான் வருகிறது.