கொழிஞ்சாம்பாறைப் பயணமும் ஒரு ‘ஜீன் ஊசி’ கிளினிக்கும்

நெதர்லாந்திலிருந்து ஊருக்கு வந்த விமானம், வேலந்தாவளம் வழியாக வந்த டாக்சி, கோயில் நோன்பி எல்லாம் குறையில்லாமல் நடந்தன. அவற்றை விட்டுவிட்டு, கோபம் இன்னும் ஆறாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

சித்தப்பா மகன், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கள் இறக்குகிறவன். சில மாதம் முன்பு பைக்கிலிருந்து விழுந்தான். எலும்பு முறியவில்லை. ஆனால் தலையும் தோளும் எதிரெதிராக இழுபட்டதில், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்ற நரம்புக் கொத்தின் மேல்பகுதி சேதமாகிவிட்டது. விரல்கள் அசைகின்றன, தோள் தூக்கவில்லை, முழங்கை மடங்கவில்லை. மரமேறுகிறவனுக்கு அது போனால் பிழைப்பே போச்சு.

“ஏனுங்கண்ணா, ஜீன் ஊசி போட்டா நரம்பு தானா வளர்ந்துருமாமா. முன்பணம் கட்டிட்டேன்” என்றான்.

மறுநாளே அவனோடு அந்தத் தனியார் கிளினிக்குக்குப் போனேன். ஏசி ஹால், டோக்கன் மெஷின், பளபளப்பான கையேடு. “சேட்டா, இது நியூ டெக்னாலஜி, மூணு ஊசி ஒரு பேக்கேஜ்” என்றார் கவுண்டரில் இருந்த பெண். எந்த ஜீன், அதாவது எந்த மரபணு? அதை எந்த வைரஸில் ஏற்றி உள்ளே அனுப்புகிறீர்கள்? மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உங்கள் எண் என்ன? ஒவ்வொன்றுக்கும் கையேட்டையே திருப்பிக் காட்டினார். டாக்டர் மீட்டிங்கில் இருந்தார், நாங்கள் கிளம்பும்வரை அந்த மீட்டிங் முடியவில்லை. ஆராய்ச்சி சிகிச்சை என்றால் அதற்காக நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறி. அதைச் சொன்னதும் செக்யூரிட்டி வந்து நின்றார்.

அந்தக் காலத்தில் அரசு ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டுக்கு வெயிலில் நிற்போம், கம்பவுண்டர் திட்டுவார். ஆனாலும் “இது இங்க ஆகாது, கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போ” என்று அவரே சொல்லிவிடுவார். நான் இருக்கும் நெதர்லாந்தில் குடும்ப டாக்டரைத் தாண்டி ஸ்பெஷலிஸ்டைப் பார்ப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் இல்லாத மருந்தை யாரும் பேக்கேஜ் போட்டு விற்பதில்லை.

இத்தனைக்கும் நிஜமான ஆராய்ச்சி நடப்பதே அங்கேதான். நரம்பை வளரத் தூண்டும் ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தின் ஜீனை, தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கப்பட்ட நரம்பில் வைரஸ் வழியாகச் செலுத்தினார்கள். புரதம் ஓயாமல் சுரந்ததால் நரம்பு இழைகள் அங்கேயே சுருண்டு தங்கிவிட்டன, தசைவரை போகவில்லை. அதனால் ஜீனுக்கு ஒரு சுவிட்ச் வைத்தார்கள். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் வேலை செய்யும், நிறுத்தினால் அடங்கும். 2018 வெள்ளத்தின்போது எலிக்காய்ச்சலுக்கு எதிராகக் கேரளம் முழுக்கக் கொடுத்தார்களே, அதே மருந்து. ஒரு மாதம் மட்டும் ஜீனை இயக்கி நிறுத்தியபோது இழைகள் வெகுதூரம் வளர்ந்தன. 2019-ல் வெளியான ஆய்வு இது, நடந்தது எலிகளில். அறுந்த நரம்புக்கு மனிதர்களில் அனுமதி பெற்ற ஜீன் சிகிச்சை இன்றுவரை கிடையாது. கொரியாவில் உருவாக்கிய, எச்ஜிஎஃப் என்ற இன்னொரு வளர்ச்சிப் புரதத்தின் ஜீன் ஊசி, சர்க்கரை நோயாளிகளின் நரம்பு வலிக்கு மனிதர்களிலேயே மூன்றாம் கட்டப் பரிசோதனைவரை போயும் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை.

பணத்தைவிட என்னைக் கொதிக்க வைத்தது வீணான நாட்கள்தான். நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். தசையோ நரம்பில்லாமல் காத்திருக்காது, ஒன்று ஒன்றரை வருடத்தில் சுருங்கி, பிறகு நரம்பு வந்தாலும் ஏற்காத நிலைக்குப் போய்விடும். ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் பலன் அதிகம். இதையெல்லாம் தெரிந்துகொண்டே மூன்று மாத இடைவெளியில் மூன்று ஊசி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்!

அந்த வாரமே கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். நரம்புப் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் பார்த்த சர்ஜன், நோட்டுத் தாளில் படம் வரைந்து அவனுக்குப் புரியும்படி விளக்கினார். விரல் பக்கம் போகும் அல்நார் நரம்பில் ஓர் இழையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு தைப்பார்களாம். 1994-ல் பிரான்சில் ஒபர்லின் வெளியிட்ட முறை. தூரம் குறைவு என்பதால் நரம்பு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். “மரம் ஏறலாம்னு இப்பவே சொல்ல மாட்டேன், கை வாய்க்குப் போக வாய்ப்பு நல்லா இருக்கு” என்றார். அந்த நேர்மைக்கே கையெடுத்துக் கும்பிடலாம்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்துவிட்டது. அதுவரை மூட்டுகள் இறுகாமலிருக்கப் பிசியோதெரபி போகிறான். கிளினிக் முன்பணத்தைத் தர மறுக்கிறது. ரசீது, கையேடு, ஊசி அட்டவணை மூன்றையும் நகலெடுத்து, பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம்.