ஜப்பானியக் கடைகளில் நம் உடம்புக்குத் துணி: கடை வாரியாக ஒரு மதிப்பீடு

ஜப்பானில் ஆண்கள் சட்டையில் 'எம்' என்று போட்டிருந்தால், அந்நாட்டுத் தொழில் தரமான ஜிஸ் அதற்குச் சொல்லும் கணக்கு இது: மார்பு 88–96 செ.மீ., இடுப்பு 76–84 செ.மீ., உயரம் 165–175 செ.மீ. 'எல்' என்றால் மார்பு 96–104, இடுப்பு 84–94, உயரம் 175–185. இவை துணியின் அளவுகள் அல்ல, போடுகிறவரின் உடம்பு அளவுகள். சட்டை இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். எவ்வளவு பெரிது என்பது மாடலுக்கு மாடல் மாறும்.

கவனித்துப் பாருங்கள், சுற்றளவும் உயரமும் கைகோத்துக்கொண்டு ஏறுகின்றன. நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கிற ஓர் உடல்வாகை எடுத்துக்கொள்வோம்: உயரம் 168, மார்பு 100, இடுப்பு 94. மார்புக்கு எல் சரி. ஆனால் அந்த எல்லின் கையும் நீளமும் 175 செ.மீ.க்கு மேல் இருப்பவருக்காக வெட்டியவை. நீளத்தைப் பார்த்து எம் எடுத்தால் வயிற்றருகே பட்டன் இழுக்கும். 188 செ.மீ. உயரமுள்ள ஒல்லியான ஐரோப்பியருக்கோ இதே எல்லில் மணிக்கட்டு வெளியே நிற்கும். 'ஜப்பான் துணியெல்லாம் சின்னது' என்ற பேச்சு இதனால்தான் பாதி உண்மை. பெரும்பாலும் இடிப்பது உருவ விகிதம்.

ஆகவே எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே விதி: வெட்டித் தைக்க முடியாத இடத்துக்குப் பொருத்தம் பாருங்கள். சட்டையிலும் கோட்டிலும் அது தோளும் மார்பும். பேன்ட்டில் ஹிப் (பிட்டத்தின் சுற்றளவு), தொடை, முன்பக்க ரைஸ் (கவட்டிலிருந்து இடுப்புப்பட்டி வரையுள்ள உயரம்). நீளம் அதிகமாக இருப்பது ஒரு குறையே இல்லை, குறைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் அந்த வேலையை நன்றாகவே செய்து தருகிறார்கள்.

கிளம்பும் முன் வீட்டிலேயே இஞ்ச் டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தால் உடம்பை அளந்து கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்: கழுத்து, மார்பு, இடுப்பு, ஹிப், உள்கால். அதோடு, உங்களுக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து அதையும் அளந்துவிடுங்கள். அதுதான் அதிகம் உதவும். ஜப்பானிய இணையக் கடைகளில் தைத்து முடித்த துணியின் அளவு தனி அட்டவணையாக இருக்கும். அதில் கதஹபா என்பது ஒரு தோள் தையலிலிருந்து மறு தோள் தையல் வரை. மிஹபா என்பது சட்டையை விரித்து வைத்து அக்குளுக்கு அக்குள் எடுத்த அளவு, அதை இரண்டால் பெருக்கினால்தான் சுற்றளவு. கிதாகே பின்கழுத்துத் தையலிலிருந்து கீழ் விளிம்பு வரை, காலர் சேராது. பலர் தடுக்கி விழுவது கை நீளத்தில். சோதேதாகே தோள் தையலில் தொடங்கும், யுகிதாகே பின்கழுத்தின் நடுவில் தொடங்கித் தோள் வழியாக மணிக்கட்டுக்கு வரும். ஒன்று 60 என்றால் மற்றது 82–84 இருக்கும். தோள் இறங்கிய சட்டைகளுக்கும் கழுத்திலிருந்தே தொடங்கும் ராக்லன் கைகளுக்கும் யுகிதாகே மட்டும்தான் கொடுப்பார்கள்.

உடம்பின் மார்புச் சுற்றளவைவிட டி-ஷர்ட் 6–10 செ.மீ., பட்டன் சட்டை 10–14 செ.மீ. கூடுதலாக இருந்தால் உட்கார்ந்து எழ வசதி. மார்பு 100 என்றால் மிஹபா 55–57 உள்ள சட்டையைத் தேடுங்கள். அதன் டேக்கில் எம் இருக்கிறதா எக்ஸ்எல் இருக்கிறதா என்பது அப்புறம்.

இனி கடைகள். முதலில் யூனிக்லோவுக்குப் போங்கள். அலங்காரத்துக்காக இல்லை, அளவு விஷயத்தில் மிக ஒழுங்கான கடை என்பதால். எடை, உயரம் எதுவும் சொல்லாமலே அவர்களுடைய செயலியில் டேக்கின் பார்கோடைக் காட்டினால் எந்த அளவு எங்கே இருக்கிறது, துணியின் முடிந்த அளவு என்ன என்று பார்த்துவிடலாம். கடை அலமாரியில் பெரும்பாலும் எஸ் முதல் எக்ஸ்எல் வரைதான். எக்ஸ்எஸ், எக்ஸ்எக்ஸ்எல், 3எக்ஸ்எல் போன்றவை பெரும்பாலும் இணையத்தில் மட்டும். ஆர்டர் கொடுத்துக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சில நாள் ஆகும். ஒரு வாரப் பயணம் என்றால் முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். சிங்கப்பூர், மலேசியா யூனிக்லோவில் வாங்கிப் பழகியவர்கள் அதே எழுத்தை நம்பலாம். அமெரிக்கா, ஐரோப்பாவில் வாங்கிப் பழகியவர்கள் பொதுவாக ஓர் அளவு ஏற்றிப் பாருங்கள், அங்குள்ள எம் இங்கே எல்லுக்கு அருகில் வரும்.

பேன்ட் நீளம் குறைப்பதை ஜப்பானில் சுசோஆகே என்பார்கள். யூனிக்லோவில் போட்டுப் பார்த்ததும் ஊழியரிடம் சொன்னால் ஊசி குத்தி அளவு எடுப்பார். கூட்டமில்லாத நேரமாக இருந்தால் அன்றைக்கே கிடைத்துவிடும். வெட்டித் தைத்த பேன்ட்டைத் திருப்பித் தர முடியாது. கீழே குறுகும் பேன்ட்டில் 7–8 செ.மீ.க்கு மேல் வெட்டினால் அந்தக் குறுகல் போய்க் காலின் கீழ்முனை அகலமாகி அழகு கெடும். 160–165 செ.மீ. உயரமுள்ளவர்கள் கணுக்காலோடு நிற்கும் ஆங்க்கிள் பேன்ட்டை எடுப்பது நல்ல வழி, அவர்களுக்கு அது சரியான முழு நீளமாக விழும், வெட்டவே வேண்டாம். நீர் காட்டாத டெனிம் துணி துவைத்ததும் சுருங்கும். அதற்கு 2 செ.மீ. விட்டுத்தான் அளவு கொடுக்க வேண்டும்.

அதே குழுமத்தின் ஜியூ விலை குறைவு, இளைஞர் பாணி. அங்கே பாதிக்குப் பாதி ஓவர்சைஸ் வெட்டு. எழுத்தைப் பார்த்து எடுத்தால் தொளதொளவென்று இருக்கும், ஓர் அளவு இறக்குங்கள். முஜியில் பேன்ட்டுகள் பலவற்றில் எழுத்தே இல்லாமல் இடுப்பு அளவு 73, 76, 79, 82 என்று 3 செ.மீ. படியில் ஏறும். இது எனக்கு மிகவும் பிடித்த முறை, ஏமாற வழியே இல்லை. 32 இஞ்ச் போடுகிறவர் 82இல் தொடங்கலாம்.

கோட் சூட் வாங்க அவோயாமா, அவோகி, கொனாகா போன்ற சங்கிலிக் கடைகள். உருவ விகிதச் சிக்கலுக்கு ஜப்பானே கண்டுபிடித்த பதில் இங்கேதான் இருக்கிறது, அதைத் தெரியாமல் வெளிநாட்டவர் பலர் எல், எக்ஸ்எல் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கோட்டின் கை விளிம்பில் தொங்கும் டேக்கில் 'ஏ5' என்றோ 'பிபி5' என்றோ இருக்கும். எழுத்து மார்புக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம்: ஒய் 16 செ.மீ., ஏ 12, ஏபி 10, பி 8, பிபி 6, பிஇ 4, ஈ என்றால் பூஜ்யம், மார்பும் இடுப்பும் ஒன்று. எண் உயரம்: 3 என்றால் 160, 4 என்றால் 165, 5 என்றால் 170, அப்படியே ஐந்தைந்தாக ஏறும். மேலே சொன்ன 168 செ.மீ. உடல்வாகுக்கு வித்தியாசம் 6, எனவே பிபி5. உயரத்தைக் கூட்டாமல் வயிற்றுக்கு மட்டும் இடம் கொடுத்துத் தைத்த கோட்டு ரெடிமேடாகத் தொங்குகிறது என்பது எவ்வளவு பெரிய வசதி! பேன்ட்டுகளைக் கீழே மடித்துத் தைக்காமலே விற்பார்கள், வாங்கும்போது உங்கள் நீளத்துக்குத் தைத்துத் தருவார்கள். இடுப்பையும் ஓரிரண்டு சென்டிமீட்டர் விரிக்கலாம். கோட்டின் கையை இரண்டு, மூன்று செ.மீ. குறைக்கலாம். தோளைத் தொட வேண்டாம், செலவும் அதிகம், சரியாகவும் வராது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் கூட்டம் இருக்கும், தள்ளுபடியும் இருக்கும்.

ஆபீஸ் சட்டைக்கு மேக்கர்ஸ் ஷர்ட் கமகுரா. 1993இல் கமகுரா நகரில் தொடங்கிய கடை. இங்கே சட்டை '40-84' என்று வரும்: காலர் 40 செ.மீ., யுகிதாகே 84 செ.மீ. இந்தியாவில் ஃபார்மல் சட்டையில் பார்க்கும் 39, 40, 42 என்பதும் காலரின் சென்டிமீட்டர்தான் என்பதால் முதல் எண்ணில் குழப்பம் இல்லை. கழுத்துச் சுற்றளவோடு 2 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண்ணுக்கு ஊழியரே டேப் வைத்துப் பார்ப்பார், கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நில்லுங்கள். ஸ்லிம் வெட்டு வயிறுள்ளவர்களுக்கு ஆகாது, கேட்டு வாங்க வேண்டும்.

பெண்களுக்கு எண் முறை: 7, 9, 11, 13, 15. மார்பு 80, 83, 86, 89, 92 செ.மீ. நடுவில் வரும் எழுத்து ஹிப், கடைசி எழுத்து உயரம். '9ஏஆர்' என்றால் மார்பு 83, ஹிப் 91, உயரம் 158. கடைசி எழுத்தில் ஆர் (R) 158, பி (P) 150, டி (T) 166. நடு எழுத்தில் ஏ (A) சராசரி ஹிப், ஏபி (AB) அதைவிட 4 செ.மீ. கூடுதல், பி (B) 8 செ.மீ. கூடுதல். நம் பெண்கள் பலருக்கு மேலே 11 பொருந்தும், கீழே பிடிக்கும். அவர்கள் தேட வேண்டியது 11ஏபிஆர், அதில் ஹிப் 97. எல்லாக் கடையிலும் இருக்காது, டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் ஃபார்மல் பிரிவிலும் சூட் கடைகளிலும்தான் பார்க்கலாம். மற்ற இடங்களில் பாவாடையையும் டாப்ஸையும் வேறு வேறு அளவில் எடுங்கள். பிரெஞ்சு எண் வைக்கும் பிராண்டுகளில் 36 என்பது 7, 38 என்பது 9, 40 என்பது 11. 'ஃப்ரீ சைஸ்' என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய 9 அளவு உடம்பை நினைத்துத் தைத்தது, எல்லோருக்கும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். 150 செ.மீ.க்கு ஒட்டிய உயரமும் மெல்லிய உடலும் உள்ளவர்கள் சிறுவர் பிரிவில் 150, 160 என்று எண்ணிட்ட துணிகளைப் பார்க்கலாம். அந்த எண் குழந்தையின் உயரம், விலையும் குறைவு.

உள்ளாடையில் எழுத்து முன்னால் வரும்: 'சி75'. 75 என்பது மார்புக்குக் கீழே எடுத்த சுற்றளவு. மேல் சுற்றளவுக்கும் அதற்கும் வித்தியாசம் 10 செ.மீ. என்றால் ஏ, 12.5 பி, 15 சி, 17.5 டி. ஊரில் போடும் கப் எழுத்தைவிட இங்கே பெரும்பாலும் ஓர் எழுத்து ஏறும், அளந்துதான் வாங்க வேண்டும். வகோல் கவுன்ட்டர்களில் பெண் ஊழியர்கள் அளந்து சொல்வார்கள்.

காலணியில் எண் பாதத்தின் நீளம், செருப்பின் நீளம் அல்ல. சுவரில் குதிகாலை ஒட்டி நின்று நீண்ட விரல் வரை மாலையில் அளந்தால் போதும். வெளிநாட்டு ஸ்னீக்கர்களில் மட்டும் அரை முதல் ஒரு செ.மீ. கூட்டுங்கள். விரிந்த பாதக்காரர்களுக்கு ஜப்பான் சொர்க்கம்: 3ஈ, 4ஈ அகலங்கள் சாதாரணமாகக் கிடைக்கும், அசிக்ஸ் நடைக் காலணிகளில் தாராளமாக உண்டு. பெண்களுக்கு 24.5க்கு மேல், ஆண்களுக்கு 28க்கு மேல் என்றால் ஏபிசி மார்ட் போன்ற பெரிய கடைகளிலும் தேர்வு சுருங்கிவிடும்.

பெரிய அளவு தேடுவோர் டோக்கியோவில் சகாஸென் கடையின் பெரிய அளவுப் பிரிவுக்கு நேராகப் போய்விடலாம். பெண்களுக்கு நிஸ்ஸென்னின் ஸ்மைல்லேண்ட், ஷிமாமுரா. எல்எல் என்பது எக்ஸ்எல், 3எல் என்பது எக்ஸ்எக்ஸ்எல். சில ஜப்பானிய விளையாட்டு உடைகளில் எல்லுக்கு அடுத்தது 'ஓ', அதற்கு அடுத்தது 'எக்ஸ்ஓ'. ஷிமோகிதசாவா, கோயென்ஜி பகுதிகளின் பழைய துணிக் கடைகளில் அமெரிக்கச் சரக்கு நிறைய வரும், அகலமான தோளுக்கு அங்கே எளிதில் கிடைக்கும்.

போட்டுப் பார்க்கும் அறையில் படிக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். பெண்களுக்கு மெல்லிய முகத்துணி கொடுப்பார்கள், தலையில் மாட்டிக்கொண்டு டாப்ஸைப் போட்டால் ஒப்பனை துணியில் ஒட்டாது. 'ஷிச்சாகு ஷிதே மோ ஈ தெசு கா' என்று கேட்டால் அறையைக் காட்டுவார்கள். கையை முன்னால் நீட்டி, உட்கார்ந்து, மேலே தூக்கிப் பாருங்கள். நின்றபடி கண்ணாடியில் சரியாக இருக்கும் சட்டை, பேருந்துக் கம்பியைப் பிடிக்கும்போதுதான் வெளியே வரும்.

2021 ஏப்ரல் முதல் விலைச்சீட்டில் 10 சதவீத வரியையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்பது சட்டம். சுற்றுலாப் பயணிகள் ஒரே கடையில் ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென் அல்லது அதற்கு மேல் வாங்கினால் பாஸ்போர்ட் காட்டி வரி விலக்குப் பெறலாம். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: வரியோடு கட்டிவிட்டு, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் சரிபார்த்த பிறகு திரும்பப் பெற வேண்டும். 'அளவு சேரவில்லை' என்ற காரணத்துக்குச் சிறு கடைகள் பெரும்பாலும் துணியைத் திரும்ப எடுப்பதில்லை. தள்ளுபடிச் சரக்கு என்றால் இன்னும் கடினம். சங்கிலிக் கடைகளில் ரசீதும் வெட்டாத டேக்கும் இருந்தால் வழி உண்டு, ஆனால் அதற்கான கெடு கடைக்குக் கடை வேறு, பணம் கட்டும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.