கொத்தமல்லிக்கு எந்த விளக்கு: ஊதாவா, வெள்ளையா, பழைய குழல்விளக்கா?

டொரண்டோவில் டிசம்பர் பிறந்துவிட்டால் பகல் ஒன்பது மணி நேரம்தான். அந்த வெயிலும் தாழச் சாய்ந்து, மேகத்தைத் தாண்டி, சன்னல் கண்ணாடியைக் கடந்து வருவதற்குள் செடிக்கு மிஞ்சுவது சொற்பம். கடையில் வாங்கும் கொத்தமல்லிக் கட்டு நான்காம் நாளே குளிர்பெட்டியில் கொழகொழத்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துத்தான் வீட்டுக்குள் விளக்குப் போட்டு வளர்க்கத் தொடங்கினேன். நான்கு குளிர்காலங்களில் மூன்று வகை விளக்குகளைப் பயன்படுத்திவிட்டேன்.

முதலில் வந்தது, வீடு மாறிய நண்பர் விட்டுச்சென்ற மெல்லிய ஒளிர்குழல் விளக்கு. நேர்மையான உழைப்பாளி. நீளவாட்டில் ஒளி சீராக விழும்; ஒரு தட்டு நிறைய நாற்று ஒரே உயரத்தில் எழும். ஆனால் குழல் நாளாக நாளாக மங்கும், நம் கண்ணுக்கு அது தெரியாது. உள்ளே பாதரசம் வேறு. 2027-க்குள் இவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்துவதென்று பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2023-ல் ஜெனீவாவில் முடிவெடுத்துவிட்டன. கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். புதிதாக வாங்க வேண்டாம்.

அடுத்தது, மேசை விளிம்பில் கவ்வி நிற்கும் ஊதா விளக்கு. ஏறத்தாழ 450 நானோமீட்டர் நீலமும் 660 நானோமீட்டர் சிவப்பும் கலந்தது. பச்சையம் அதிகம் உறிஞ்சுவது இவ்விரண்டு நிறங்களையும்தான், மற்றதெல்லாம் வீண் என்பது விற்பவர்களின் வாதம். இதில் பாதிதான் உண்மை. பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை இலை உறிஞ்சிக்கொள்கிறது. அது இலையின் உள்ளடுக்குகள் வரை போய் வேலை செய்கிறது. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் வேறு, சுவரிலிருந்து விளக்கு உண்மையில் இழுக்கும் வாட் வேறு என்பதையும் கவனியுங்கள்.

ஊதாவை நான் கைவிட்டதற்குக் காரணம் இவை எதுவுமல்ல. அந்த ஒளியில் செடியைப் பார்க்க முடியவில்லை. பச்சை இலை கறுப்பாகத் தெரியும். மஞ்சள் பாய்ந்த இலையும் ஏறக்குறைய அப்படியேதான் தெரியும். ஒருநாள் கறிவேப்பிலையின் கீழிலையைத் தொட்டபோது விரல் பிசுபிசுத்தது. சன்னலருகே எடுத்துப்போய்ப் பார்த்தால், தண்டு நெடுகப் பழுப்பு நிறச் செதில்பூச்சிகள் வரிசையாக ஒட்டிக்கிடக்கின்றன. எத்தனை வாரமாக இருந்தனவோ! பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. தினமும் கண்ணால் பார்த்து வளர்க்க வேண்டிய செடிக்கு, கண்ணை மறைக்கும் விளக்கு ஆகாது.

மூன்றாவது, சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு. வண்டிக்கூடத்தில் மாட்டுவார்களே, நாலடி நீளத்தில், அதுதான். செடிக்கென்று தனியாக விற்கப்படுவதில்லை. அதனாலேயே விலை குறைவு. இதன் உள்ளே இருப்பதும் நீல ஒளிதான். மேலே பூசிய பாஸ்பர் என்னும் ஒளிரும் பூச்சு அதில் ஒரு பகுதியைப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றி வெள்ளையாக்குகிறது. அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. வெள்ளையின் சாயலைக் கெல்வின் என்ற அளவில் பெட்டியில் போட்டிருப்பார்கள்; 5000 முதல் 6500 வரை எது கிடைத்தாலும் வாங்கலாம். 40 வாட் விளக்கு நாளுக்கு 14 மணி நேரம் எரிந்தால் மாதம் 17 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். என் ஓட்டு இதற்கே.

ஆனால் எந்த விளக்கானாலும் கூரையில் மாட்டினால் பயனில்லை. என் முதல் விதைப்பில் விளக்கு இரண்டடி உயரத்தில் இருந்தது. கொத்தமல்லி நூல்போல் வெளிறி நீண்டு, எட்டாம் நாள் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. சங்கிலியை இறக்கி, இலை நுனிக்கு அரையடி மேலே நிறுத்திய பிறகுதான் தண்டு பருத்தது. கைப்பேசியில் ஒளியின் அளவை லக்ஸ் கணக்கில் காட்டும் செயலியைப் போட்டு இலைமட்டத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளை விளக்கென்றால் 12,000 முதல் 15,000 வரை காட்ட வேண்டும். பளிச்சென்று தெரியும் நம் கூடத்தில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும்.

நேரக் கணக்கில் செடிக்குச் செடி வேறுபாடு உண்டு. புதினாவுக்கு 14, 16 மணி நேரம் கொடுக்கலாம். சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்தே நாலு தண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர்விடும். கொத்தமல்லிக்கு அத்தனை நேரம் ஆகாது. நீண்ட பகலும் வெப்பமும் சேர்ந்தால் கோடை வந்துவிட்டதென்று எண்ணி, இலை தருவதை விட்டுப் பூக்கப் போய்விடும். 12 மணி நேரத்தில் அணையும்படி டைமர் வைத்து, குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். தனியா விதையை லேசாக நசுக்கி இரண்டாகப் பிளந்து, வளரப்போகும் தொட்டியிலேயே விதையுங்கள். ஆணிவேர் என்பதால் பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும்.

பேசில் வேண்டுமென்பவர்கள் விதைக்கு அலைய வேண்டாம். ஃபலூடாவில் ஊறவைக்கும் சப்ஜா விதையும் அதே இனம்தான், நம் திருநீற்றுப்பச்சிலை. வாசனை சற்று வேறாக இருக்கும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

கறிவேப்பிலை மட்டும் எந்த விளக்குக்கும் முழுதாக மசிவதில்லை. குளிர்காலம் முழுக்க அதிகம் வளராமல் அப்படியே நிற்கும், சில இலைகளை உதிர்க்கும். தண்ணீரைக் குறைத்து, விளக்கின் ஓரத்தில் விட்டுவைக்கிறேன். மே மாதக் கடைசியில் பால்கனிக்குக் கொண்டுபோனதும் கணுவுக்குக் கணு துளிர்க்கிறது.