படம் வரையும் ஏஐயைப் பாதியில் நிறுத்த: இன்டரப்ட்டா, கண்ட்ரோல்-சியா?

போன மாதம் ஒரு புத்தக அட்டைக்காக, சொந்தக் கணினியில் ஓடும் படம் வரையும் ஏஐ புரோகிராமான ஆட்டோமேட்டிக்1111-இல் பேட்ச் கவுன்ட்டை (எத்தனை படம் என்ற எண்ணிக்கையை) 100 என்று வைத்துவிட்டு எழுந்து போனேன். வந்து பார்த்தால் 11 படம் முடிந்திருந்தது. எல்லாவற்றிலும் ஆற்றங்கரை இருக்கிறது, விடியல் வெளிச்சம் இருக்கிறது, படகு நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு தோல் பூட்ஸ் கிடக்கிறது. என்ன வரைய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பிராம்ப்ட்டில் ஓர் எழுத்து மாறி, boat என்பது boot ஆகியிருந்தது. மீதி 89 படத்தையும் உடனே நிறுத்தியாக வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் பிரௌசரை மூடிவிடுவார்கள். அதனால் எதுவும் நிற்காது. படத்தை உருவாக்குவது பின்னால் ஓடும் பைத்தான் புரோகிராம். பிரௌசர் அதற்கு ஒரு ஜன்னல்தான். மூடிய பிறகும் கணக்குப் போடும் கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன் இரைந்துகொண்டே இருக்கும்.

உண்மையான வழிகள் இரண்டு. ஒன்று, திரையிலேயே இருக்கும் இன்டரப்ட் பொத்தான் (புதிய பதிப்புகளில் எஸ்கேப் கீயும் அதே வேலையைச் செய்யும்). இன்னொன்று, புரோகிராம் ஓடும் கறுப்பு விண்டோவில் கண்ட்ரோல்-சி அடிப்பது. ரொம்ப நாள் நான் கண்ட்ரோல்-சி ஆள். இப்போது பத்துக்கு ஒன்பது தடவை இன்டரப்ட்தான்.

கண்ட்ரோல்-சி மொத்த புரோகிராமையும் இறக்கிவிடும், அதுதான் அதன் பலம். விண்டோஸில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அந்த விண்டோவில் ஏதாவது எழுத்து தேர்வாகியிருந்தால் கண்ட்ரோல்-சி அதை காப்பி மட்டும் செய்யும். அப்புறம், புரோகிராமைத் தொடங்கிவைத்த பேட்ச் ஃபைலை நிறுத்தட்டுமா என்று ஒரு கேள்வி வரும், அதற்கு ஒய் அடிக்க வேண்டும். மற்றபடி குறையில்லை.

ஆனால் நிறுத்துவது பாதி வேலைதான். நிறுத்திய பிறகு எவ்வளவு சீக்கிரம் அடுத்த படத்தைத் தொடங்க முடிகிறது என்பதில்தான் எனக்கு எல்லாமே முடிவானது. இன்டரப்ட் ஒரு கொடியை உயர்த்துகிறது, அவ்வளவுதான். ஒரு படம் பல ஸ்டெப்புகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாகும். புரோகிராம் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் அந்தக் கொடியைப் பார்க்கும்; உயர்ந்திருந்தால் வேலையை விட்டு வெளியே வரும். படம் வரையக் கற்ற மாடல் என்ற பெரிய ஃபைல் கார்டின் மெமரியிலேயே இருக்கும். பிராம்ப்ட்டைத் திருத்தி கண்ட்ரோல்-என்டர் அடித்தால் அடுத்த நொடியே புதுப் படம் ஓடத் தொடங்குகிறது. கண்ட்ரோல்-சி அடித்தாலோ மாடலும் மெமரியிலிருந்து போய்விடும். எஸ்டிஎக்ஸ்எல் என்ற மாடலின் அடிப்படைப் பதிப்பே கிட்டத்தட்ட 7 ஜிபி. என் மாடல்கள் இருப்பது பழைய ஹார்டு டிஸ்க்கில். புரோகிராம் எழுந்து, மாடல் ஏறி, முதல் படம் தொடங்க இரண்டு நிமிடம் பிடிக்கும். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த நேரம் நன்றாகக் குறையும்.

இரண்டு நிமிடம்தானே என்று தோன்றலாம். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயந்தே, தப்பான படம் என்று தெரிந்தும் “சரி, முடியட்டும்” என்று எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். இப்போது படம் உருவாகும்போதே காட்டும் லைவ் பிரிவ்யூவில் 30 ஸ்டெப்பில் ஏழாவது ஸ்டெப்பிலேயே முகம் கோணுவது தெரிந்தால் கை தானாக எஸ்கேப்புக்குப் போகிறது. ஒரு மாலைக்கு இருபது தடவை நிறுத்துகிறேன், ஒவ்வொரு தடவையும் பிராம்ப்ட்டைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கிறேன். என் படங்கள் மேம்பட்டதற்கு இந்தப் பழக்கம்தான் பெரிய காரணம் என்று நம்புகிறேன். அந்த ஒரு படத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டுமானால் பக்கத்திலேயே ஸ்கிப் இருக்கிறது. முடிந்த படங்கள் இரண்டு வழியிலும் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்.

இன்டரப்ட் கைவிடும் இடமும் உண்டு. கொடியை ஸ்டெப்பில்தான் பார்க்கும் என்பதால், மாடல் ஏறும்போதோ கடைசியில் விஏஇ (கணக்கின் முடிவை நாம் பார்க்கும் படமாக மாற்றும் பகுதி) படத்தை விரிக்கும்போதோ அழுத்தினால் அந்த வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டும். கார்டு மெமரி நிரம்பி வழிந்தால் இன்னும் மோசம். விண்டோஸில் என்விடியா டிரைவர் 2023 முதல் வழிவதைக் கணினியின் ராமுக்குத் தள்ளுகிறது. பிழை காட்டி நிற்பதற்குப் பதில் வேகம் படுத்துவிடும். என் 8 ஜிபி கார்டில் ஒருமுறை பெரிய அளவுக்கு ஏற்றப் போய், அரை நொடி ஸ்டெப் இருபது நொடியானது. அப்போது கண்ட்ரோல்-சிதான். அதற்கும் அசையாவிட்டால், கார்டில் ஓடுபவற்றைப் பட்டியலிடும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையில் புரோகிராமின் எண்ணைப் பார்த்து, அதை வலுக்கட்டாயமாக நிறுத்தும் கட்டளை: விண்டோஸில் டாஸ்க்-கில், லினக்ஸில் கில் மைனஸ் 9. கண்ட்ரோல்-சியை ஒரு புரோகிராம் காதில் வாங்காமல் இருக்கலாம், கில் மைனஸ் 9-ஐ அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. பவர் பட்டனை மட்டும் தொடாதீர்கள். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும் ஃபைல் பாழாகலாம்.

உங்கள் இன்டரப்ட் எப்போதுமே மெதுவாக இருந்தால், செட்டிங்ஸில் படத்தின் நடுவில் நிறுத்தாதே என்ற தேர்வு டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் ஓடும் படம் முடிந்த பிறகே நிற்கும்.

கம்ஃபியூஐ என்ற இன்னொரு படம் வரையும் புரோகிராமில் எனக்குச் சில வாரப் பழக்கம்தான், அதனால் இதை ஒரு தொடக்கக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் கேன்சல் அழுத்தினால் மாடல் மெமரியில் தங்குகிறது. ஆனால் ஓடும் வேலை மட்டுமே ரத்தாகும். வரிசையில் அடுத்து இருப்பது உடனே தொடங்கிவிடும். அதனால் முதலில் வரிசையைக் காலி செய்கிறேன், பிறகுதான் கேன்சல்.