காட்டுப்பன்றி வேட்டை பழக எந்தக் காடு: டெக்சாஸா, ஃபுளோரிடாவா?

"பன்றி வேட்டை பழகணும், எங்கே போகலாம்?" என்று டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: பணத்தைக் கட்டிவிட்டு ஏதாவது ஒரு தனியார் பண்ணைக்குப் போ. அங்கே நேரம் தவறாமல் மக்காச்சோளம் சிதறும் இயந்திரம் இருக்கும். அதற்கு எதிரே நாம் ஒளிந்து உட்காரப் பலகையில் அடித்த ஒரு கூண்டு இருக்கும். உட்கார், பன்றி வரும், சுடு. நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். பன்றி வந்தது, விழுந்தது. திரும்பி வரும் வழியில் யோசித்துப் பார்த்தால், சோளம் எத்தனை மணிக்கு விழும் என்பதைத் தவிர நான் எதையும் கற்றிருக்கவில்லை.

கறி மட்டும் போதும் என்றால் பண்ணை நல்ல வழி, குறை சொல்ல மாட்டேன். பழகத்தான் ஆசை என்றால் அரசு நிலத்துக்குத்தான் போக வேண்டும். எந்த மாநிலத்து அரசு நிலம் என்பதில்தான் குழப்பமே.

அமெரிக்காவில் பன்றிக்குப் பஞ்சமில்லை. 1539-இல் எர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது கூட்டிவந்த பன்றிகள், பின்னால் குடியேறியவர்கள் அவிழ்த்துவிட்ட வளர்ப்புப் பன்றிகள், வேட்டைக்கென்றே ஐரோப்பாவிலிருந்து இறக்கிய காட்டுப்பன்றிகள் எல்லாம் கலந்து இன்று நாடு முழுக்க 60 லட்சத்துக்கு மேல் இருக்கும் என்கிறது மத்திய வேளாண் துறை. டெக்சாஸின் 254 கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) 253-இல் பன்றி உண்டு. ஃபுளோரிடாவில் 67 கவுண்டியிலும் உண்டு. பன்றி இருப்பது வேறு, நாம் காலை வைக்கக்கூடிய மண்ணில் இருப்பது வேறு.

டெக்சாஸில் அடிபடுவது அங்கேதான். மாநிலத்தின் 95 சதவீத நிலம் தனியாருடையது. 2019 செப்டம்பரிலிருந்து தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதித்தால், பன்றி சுட லைசென்ஸே வேண்டாம். 2011-லிருந்து ஹெலிகாப்டரில் போய்ச் சுடலாம், 2017-லிருந்து வெப்பக்காற்று பலூனில் மிதந்துகொண்டும் சுடலாம். (பலூனிலிருந்து யார் சுட்டார்கள் என்று கேட்காதீர்கள், நான் இன்னும் ஒருவரையும் பார்த்ததில்லை.) அரசு நிலத்தில் இந்தச் சலுகை எதுவும் செல்லாது. வேட்டை லைசென்ஸ் வேண்டும், அதற்கு மேல் 48 டாலருக்கு வருடாந்திர பொது வேட்டை அனுமதியும் வேண்டும். தீவனம் போட்டு ஈர்க்கக் கூடாது. துப்பாக்கி வேட்டை நடக்கும் காலத்தில் 400 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் ஆரஞ்சுத் துணி, அதில் நெஞ்சிலும் முதுகிலும் தலா 144 சதுர அங்குலமாவது தெரிய வேண்டும், தலையிலும் ஆரஞ்சு.

இத்தனைக்குப் பிறகு கிடைப்பது என்ன? ஹூஸ்டன்காரருக்குக் கிடைப்பது சாம் ஹூஸ்டன் தேசியக் காடு. நகரத்துக்கு வடக்கே ஒரு மணி நேரத் தூரத்தில் சுமார் 1,63,000 ஏக்கர். பைன் மரங்கள், ஓடைப் பள்ளங்கள், முழங்காலைக் கிழிக்கும் குட்டைப் பனைப்புதர். நடைபயணக்காரர்களின் லோன் ஸ்டார் பாதையும் இதற்குள்தான் ஓடுகிறது, அதனால் தோட்டா எங்கே போய் நிற்கும் என்று பார்க்காமல் விசையில் விரலை வைக்கவே கூடாது. பன்றி உண்டு, ஆனால் ஆட்களும் அதிகம். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து அரை மைலுக்குள் தெரியும் தடங்களெல்லாம் பழையவை. போன குளிர்காலத்தில் ஆறு தடவை போனேன், இரண்டு தடவைதான் பன்றியைக் கண்ணால் பார்த்தேன். சுட்டது பூஜ்யம்.

ஃபுளோரிடாவில் கதை வேறு. அங்கே 'வனவிலங்கு மேலாண்மைப் பகுதி' என்ற பெயரில் வேட்டைக்குத் திறந்த நிலம் ஏராளம். உள்ளூர்வாசிக்கு லைசென்ஸ் 17 டாலர், மேலாண்மைப் பகுதி அனுமதி 26.50. வெளிமாநிலத்தவருக்கு பத்து நாள் லைசென்ஸ் 46.50, அதே 26.50 அனுமதி தனி. ஒவ்வொரு பகுதிக்கும் வரைபடத்தோடு ஒரு கையேடு உண்டு: எந்தத் தேதியில் எந்த ஆயுதம், பன்றிக்கு உச்சவரம்பு உண்டா, எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான பகுதிகளில் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு கிடையாது. மான் சீசன் முடிந்தபின் வரும் சிறு விலங்கு சீசனிலும் பல இடங்களில் பன்றி சுடலாம், ஆனால் எந்தத் துப்பாக்கி என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். சில இடங்களுக்கு மட்டும் குலுக்கல் அனுமதி.

டாம்பாவுக்கு வடகிழக்கே இருக்கும் கிரீன் ஸ்வாம்ப்பைப் பலரும் சொல்வார்கள். விதிலாகூச்சி உட்பட நான்கு ஆறுகள் பிறக்கும் சதுப்பு அது. சைப்ரஸ் மரத்திட்டு, ஓக் தோப்பு, நடுவே தண்ணீர். ஓக் விதை உதிரும் காலத்தில் தோப்புக்கு அடியில் நிலம் ஏர் உழுதது போலக் கிடக்கும். ஒரு புதியவன் பார்க்க வேண்டியது அதைத்தான். கிளறிய மண் ஈரமாக இருக்கிறதா, காய்ந்து வெளுத்துவிட்டதா, மரத்தில் பன்றி உடம்பைத் தேய்த்த சேறு எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது, விட்டை புதியதா என்பதையெல்லாம் ஒரே நாளில் பத்து இடத்தில் பார்த்துப் பழகலாம். சாம் ஹூஸ்டனில் அதற்கு ஒரு சீசன் ஆகும். முதலை, தண்ணீர்ப் பாம்பு, கொசு மூன்றும் ஃபுளோரிடாவின் இலவச இணைப்பு.

அதனால் என் ஓட்டு ஃபுளோரிடாவுக்கு, ஒரு நிபந்தனையோடு. ஹூஸ்டனிலிருந்து ஏறக்குறைய 1000 மைல் ஓட்டிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் போக முடியும் என்றால் அது பழக்கமாகாது, சுற்றுலாவாகத்தான் இருக்கும். முதல் பாடத்தை அங்கே நாலைந்து நாள் தங்கிப் படித்துவிட்டு, மீதியை வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் தொடர்வதுதான் கட்டுப்படியாகும். ஆர்லாண்டோவிலோ டாம்பாவிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, பொறாமையாகத்தான் இருக்கிறது.

கலிஃபோர்னியாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 2024 ஜூலையில் ஒவ்வொரு பன்றிக்கும் தனித்தனிச் சீட்டு வாங்கும் முறை போய், ஒரே அனுமதியில் எத்தனை வேண்டுமானாலும் என்று ஆனது. வருடம் முழுக்க சீசன். ஈயத் தோட்டா கூடாது, 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டையிலும் அதற்குத் தடை. ஆனால் பன்றிகள் பெரும்பாலும் தனியார் மேய்ச்சல் நிலத்தில்தான். லாஸ் பாத்ரெஸ் தேசியக் காட்டு மலைகளில் ஏறி இறங்கத் தெம்பு இருப்பவர்கள் போகலாம், முதல் வருஷத்துக்கு வேண்டாம். மிசூரியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அங்கே 2016-இல் மாநில இயற்கைப் பாதுகாப்புத் துறை தன் நிலங்களில் பன்றி வேட்டையைத் தடை செய்தது. காரணம் நியாயமானது: ஒரு வெடிச் சத்தத்தில் மந்தை நாலா பக்கமும் சிதறிவிடும், மொத்த மந்தையையும் ஒரே கூண்டில் பிடிக்கக் காத்திருப்பவர்களின் வேலை கெடும். காட்டைக் காப்பாற்ற வேட்டைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். நான் கறிக்காகவும் நடைக்காகவும்தான் போகிறேன்.

சரி, காடு முடிவாயிற்று. எப்படிச் சுடுவது? மரத்தில் ஏணி கட்டி உட்காருவது மான்காரர்களின் வழி. மான் ஓரளவு ஒரே தடத்தில் வரும், பன்றி வராது. இரண்டு பேர் காட்டுக்குள் நடந்தாலே அடுத்த ஓடைக்கு மாறிவிடும். தீவனமும் போடக் கூடாது என்றால், உட்கார்ந்திருப்பவன் பார்ப்பது அணிலைத்தான். நாய் வைத்து வேட்டையாடுவதை சில இடங்களில்தான் அனுமதிக்கிறார்கள், அது நாயைப் பழக்கியவர்களின் கலை, ஒரு நாளில் வராது. போதாக்குறைக்கு பன்றியிடமிருந்து சூடோரேபிஸ் என்ற வைரஸ் நோய் தொற்றினால் நாய் பிழைக்காது.

மிஞ்சுவது மெல்ல நடந்து நெருங்குவது. பழகுபவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. பன்றிக்குக் கண் மங்கல், காது பரவாயில்லை, மூக்கு பயங்கரம். காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் வரை, மேய்ந்துகொண்டிருக்கும் மந்தையை 30 கஜம் வரை நெருங்கலாம். அவை மென்று, உறுமி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போடும் சத்தத்தில் உங்கள் காலடி கேட்காது. காற்று பின்னங்கழுத்தில் பட்டதோ, கதை முடிந்தது. சாம் ஹூஸ்டனில் நான் பார்த்த அந்த இரண்டு மந்தையும் அப்படித்தான் போயின. பையில் ஒரு சின்ன டப்பா நிறைய பவுடர் வைத்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அடிக்கடி தட்டிப் பார்ப்பேன். என் மனைவி அதைக் குழந்தைப் பவுடர் என்றுதான் நினைத்தாள், உண்மையில் அதுவேதான்.

ஆயுதத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போகும், அதைப் பலர் கவனிப்பதில்லை. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. வில் என்பது துப்பாக்கிக் கணக்கில் சேராது, அதனால் காகிதக் கவலையே வேண்டாம் என்பவர்கள் கப்பி வைத்த காம்பவுண்ட் வில் எடுக்கலாம். ஆனால் 20 கஜத்துக்குள் போக வேண்டும், மாதக்கணக்கில் அம்பு விட்டுப் பழக வேண்டும். நான் 308 ரைஃபிள்காரன். புதர் மண்டிய காட்டுக்கு 12 கேஜ் ஷாட்கனில் ஸ்லக் (ஒற்றைக் குண்டு) போட்டாலும் போதும். எதை எடுத்தாலும் மானுக்கு வைக்கும் குறி பன்றிக்கு ஆகாது. பன்றியின் இதயமும் நுரையீரலும் மானுக்கு இருப்பதைவிடத் தாழ்வாகவும் முன்தள்ளியும் இருக்கும். தோளுக்குப் பின்னால் வைத்தால் குடலில் படும், அது ஓடிப்போய் எங்கோ சாகும். முன்னங்காலுக்கு நேர் மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள்.

பயிற்சி வகுப்பு மறக்காதீர்கள். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களும், ஃபுளோரிடாவில் 1975 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களும் வேட்டைக் கல்வி முடித்திருக்க வேண்டும்.

விழுந்த பிறகுதான் நிஜ வேலை. கையுறை போடாமல் வயிற்றைக் கீறாதீர்கள். புரூசெல்லா என்ற கிருமி ரத்தத்தின் வழியாக மனிதருக்கும் தொற்றும், வந்தால் மாதக்கணக்கில் காய்ச்சல். கறியின் உள்ளே 71 டிகிரி செல்சியஸ் ஏறும் வரை வேக வேண்டும், நம் வீட்டுக் குக்கர் அதைத் தாராளமாகப் பார்த்துக்கொள்ளும். 60 கிலோ பன்றியை முழுசாக இரண்டு மைல் இழுப்பவன் அடுத்த வருஷம் வேட்டைக்கு வர மாட்டான். அங்கேயே நாலாக வெட்டி, துணிப் பையில் போட்டு, முதுகில் சுமந்து வந்து ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். தந்தம் வளைந்த பெரிய ஆண்பன்றியைக் கண்டு ஆசைப்படாதீர்கள், வேகும்போது வரும் நாற்றத்துக்குத் தெருவே சாட்சி சொல்லும். முப்பது நாற்பது கிலோவில் ஒரு இளம் பெண்பன்றி போதும். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், கொஞ்சம் தேங்காய்ச் சில்லு. ஃபுளோரிடாவில் போன ஜனவரியில் கிடைத்தது அப்படி ஒன்றுதான், அதன் தொடைக்கறி இன்னும் இரண்டு பொட்டலம் ஃப்ரீசரில் இருக்கிறது.