ஸ்டெயர், மொரினி, வால்தர்: பல வருஷம் ஏர் பிஸ்டல் சுட்ட பிறகு

10 மீட்டர் ஏர் பிஸ்டல் வாங்கப் போகிறவர்கள் "எது துல்லியமாகச் சுடும்" என்ற கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பார்டினி என்று துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பார்க்கும் ஐந்து கம்பெனிகளில் எதை எடுத்து அசையாமல் பூட்டிச் சுட்டாலும், பெல்லட்கள் கிட்டத்தட்ட ஒரே ஓட்டைக்குள்தான் போகும். டார்கெட்டில் 10 வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், பெல்லட் 4.5. குண்டு எட்டுக்குப் போனால் அது நம் கையும் கண்ணும் செய்த வேலை.

நான் கிளப்பின் மொரினி சிஎம் 162 இஐ-யில் தொடங்கி, பிறகு சொந்தமாக ஸ்டெயர் எல்பி10 வாங்கி இன்றுவரை அதில்தான் சுடுகிறேன். நடுவில் நண்பருடைய வால்தர் எல்பி400-ஐ ஒரு சீசன் பழகினேன். மற்ற இரண்டையும் ரேஞ்சில் அவ்வப்போது எடுத்துப் பார்த்ததோடு சரி, அவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

எல்பி10-இல் எனக்குப் பிடித்தது சுட்ட பிறகு வரும் அமைதி. பேரலின் மேல்பக்கம் சின்னத் துளைகள் உண்டு, காற்று அந்த வழியாகப் பிரிந்து போகும். உள்ளே ஸ்டெபிலைசர் என்று ஒரு சிறு எடை, குண்டு கிளம்பும்போது எதிர்த்திசையில் நகர்ந்து உதைப்பை வாங்கிக்கொள்கிறது. அதனால் ட்ரிகர் விழுந்த பிறகும் முன் சைட் (குறிபார்க்கும் முனை) துள்ளாமல் அங்கேயே நிற்கும், கடைசிக் கணத்தில் கை எந்தப் பக்கம் போனது என்று நமக்கே தெரிந்துவிடும், பழகுகிற ஆளுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

மொரினியின் பலம் அதன் எலக்ட்ரானிக் ட்ரிகர். இன்று எப்படி விழுகிறதோ அப்படியேதான் அடுத்த வருஷமும் விழும். மெக்கானிக்கல் ட்ரிகரில் அந்த நிம்மதி கிடையாது. போட்டிக்கு முன் எக்விப்மென்ட் கண்ட்ரோல் என்ற உபகரணச் சோதனையில் 500 கிராம் எடையை ட்ரிகரில் மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள், அந்த எடையிலேயே ட்ரிகர் விழுந்துவிட்டால் திரும்பிப் போய்ச் சரிசெய்துகொண்டு வர வேண்டியதுதான். அதனால் என்னுடையதைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கிறேன். மொரினியில் அந்தக் கவலை குறைவு, பதிலுக்கு பேட்டரியை மறக்கக் கூடாது. வால்தர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மாற்றியமைக்க நிறைய இடம் கொடுக்கிறார்கள், எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே பட்டது. புதிதாக வருகிறவர் கையில் கொடுத்தால் சுடுவதைவிட ஸ்க்ரூ திருகுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

அப்புறம், "ஜெர்மன் சாமான்" என்றால்தான் ஒசத்தி என்று ஒரு பேச்சு. ஃபைன்வெர்க்பாவ் பழைய மவுசர் துப்பாக்கி கம்பெனிப் பொறியாளர்கள் இருவர் தொடங்கியது, ஓபர்ன்டோர்ஃபில் இருக்கிறது, வால்தர் இன்று உல்மில் இருந்து வருகிறது, இரண்டும் ஜெர்மனிதான், சரி. ஆனால் ஸ்டெயர் ஆஸ்திரியா, மொரினி சுவிட்சர்லாந்தில் இத்தாலி மொழி பேசும் பகுதி, பார்டினியைத் தொடங்கியவர் இத்தாலியில் தானே பிஸ்டல் சுட்ட வீரர். ஐந்துமே உலகப் போட்டிகளில் ஓடுகிறவை. எந்த நாட்டுப் பெயர் பொறித்திருக்கிறது என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

பணம் கொடுக்க வேண்டியது சர்வீஸுக்கு. என் அண்ணன் மகளுடைய பிஸ்டலில் (எந்த கம்பெனி என்பது வேண்டாம்) ராத்திரி காற்று நிரப்பி வைத்த சிலிண்டர் காலையில் பாதியாக இறங்கியிருக்கும். சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால் சிலிண்டர் சேரும் இடத்தில் குட்டிக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்பும். வேண்டியது ஒரே ஒரு ஓ-ரிங், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். விற்ற டீலர் முதலில் போனை எடுக்கவில்லை, எடுத்தபோது "முழு பிஸ்டலையும் அனுப்புங்க" என்றார். அனுப்பித் திரும்பி வருவதற்குள் மாநிலப் போட்டியே முடிந்துவிட்டது, பிள்ளை இரவல் பிஸ்டலில் சுட்டாள். எனக்கு இன்றும் ஆறவில்லை. தயாரிப்பாளருக்கே மெயில் போட்டதற்கு சீரியல் நம்பர் கேட்டு ஒழுங்காகப் பதில் வந்தது, ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு இங்கே யாரிடம் போய் நிற்பது?

பழுது யாருக்கும் வரும். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகிப் பல நிமிடங்கள் போயின. 60 குண்டுக்கு மொத்தமே 75 நிமிடம். இறுதிச் சுற்று கைநழுவியது. அவரே 2024-இல் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்தபோது ரேஞ்சில் இருந்த எல்லோருக்கும் கண் கலங்கியது.

அதனால் வாங்கும் முன் டீலரிடம் ஓ-ரிங் செட் கையில் இருக்கிறதா, பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று நேராகவே கேளுங்கள். "வரவழைச்சுத் தரலாம் சார்" என்று இழுத்தால் அடுத்த டீலரைப் பாருங்கள். உங்கள் ரேஞ்சில் ஏற்கெனவே நாலு பேர் வைத்திருக்கும் மாடலை வாங்குவது புத்திசாலித்தனம், அவசரத்துக்கு ஸ்பேர் அங்கேயே கிடைக்கும். கிரிப்பைப் பிடித்துப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள். சின்னக் கை உள்ள நம் பிள்ளைகளுக்கு ஸ்மால் சைஸே சில சமயம் பெரிதாக இருக்கும், வுட் புட்டியும் அரமும் வைத்துக் கோச் சரிசெய்து கொடுக்க வேண்டிவரும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் பெயின்ட், கீறல் எல்லாம் அப்புறம். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள், ஆயுள் பொதுவாக 10 வருஷம், அது முடிந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போனால் பிரச்சினை. தேதி நெருங்கியிருந்தால் புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும்.